எலும்பு கழுவப் போனது

செப்டம்பர் 30, செவ்வாய்

இந்த நோட்டு என் மகள் தங்கமாரி வாங்கித் தந்தது. "தினமும் நாலு வரி எழுதும்மா. கைப்பிள்ளய வச்சுக்கிட்டு என்னால வர முடியல. நீ வந்து வாயால ஒண்ணும் சொல்ல மாட்ட. எழுதிட்டு வா, நான் படிச்சுக்கிடுதேன்" என்றாள். நான் அஞ்சாவது வரைக்கும்தான் படித்தேன். தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருஷமாக லேபிள் ஒட்டுகிற கை. பேனா வழுக்குகிறது.

போகிற காரணத்தை எழுதிவிடுகிறேன். என் மகன் வெயிலுமுத்து ருமேனியா என்கிற நாட்டுக்குக் கூரை வேலைக்குப் போனான். மலைமேல் இருக்கும் ஒரு பழைய மடத்துக் கோயிலுக்கு மர ஓடு மாற்றும்போது விழுந்து இறந்துவிட்டான் என்று சொன்னார்கள். ஏழு வருஷம் ஆகிறது. உடம்பு ஊருக்கு வரவில்லை. கூட்டிப்போன ஏஜெண்டு போனை எடுக்கவில்லை. மடத்துப் பெண்சாமியார்களே அங்கே புதைத்துவிட்டார்கள். துணியால் மூடின ஒரு போட்டோ மட்டும் வந்தது. துணிக்குள் யார் இருந்தாலும் அப்படித்தான் இருக்கும்.

நான் நம்பவில்லை. பதினாறாம் நாள் காரியம் செய்யவில்லை. அவன் போட்டோவுக்கு மாலை போட விடவில்லை.

இப்போது குழியைத் தோண்டப் போகிறார்களாம். ஏழு வருஷம் ஆனால் எலும்பை எடுத்துக் கழுவி, ஜெபம் செய்து, மறுபடி வைப்பது அந்த மடத்து வழக்கமாம். பெற்றவள் இருந்தால் வரட்டும் என்று சொல்லிவிட்டார்கள். முத்துவோடு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்ட காளிராஜ் டிக்கெட் எடுத்து அனுப்பியிருக்கிறான்.

முத்துவுக்கு இடது கை முழங்கைக்குக் கீழே வளைந்திருக்கும். ஒன்பது வயசில் வேப்பமரத்திலிருந்து விழுந்து முறிந்தது, சரியாகக் கூடவில்லை. எலும்பில் அது இருக்கும். அதைப் பார்க்கத்தான் போகிறேன். வளைந்திருந்தால் அவன். நேராக இருந்தால் என் மகன் எங்கேயோ இருக்கிறான்.

அக்டோபர் 4, சனி

மூன்று ஏரோப்ளேன். அப்புறம் ஆறு மணி நேரம் கார். இரண்டு முட்டியும் வீங்கி விட்டன.

காளிராஜுக்குத் தொப்பை விழுந்திருக்கிறது. அந்த ஊர்ப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். கார் ஓட்டுகிறான், கூரை வேலையை விட்டுவிட்டானாம். ஒரு பெரிய கோட்டை நீட்டினான்.

"போட்டுக்கோங்க பெரியம்மா. என் வீட்டுக்காரியோடது."

"சேலைக்கு மேலயாலே?"

"இங்க யாரு பாக்கா? மலையில கரடி இருக்கு. அது வேணா பாக்கும்."

"நெசமாவா?"

"நெசமாத்தான். ஆனா மடத்துப் பக்கம் வராது. மாய்க்கா சத்தம் போட்டா கரடியே ஓடீரும்."

பெண்சாமியார்களை மாய்க்கா என்றுதான் கூப்பிட வேண்டுமாம். அம்மா என்று அர்த்தமாம்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் இவன்தான் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னது. நான் அவனை, பொய் சொல்லுத நாக்கு அழுகிப்போகும் என்று ஏசினேன். இப்போது அவன் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

மடம் பெரிய மதில் கட்டி, கோட்டை மாதிரி இருக்கிறது. நானூறு வருஷத்துக் கோயில் நடுவில். சுற்றி எங்கே பார்த்தாலும் ஊசியிலை மரம். எனக்கு ஒரு அறை தந்திருக்கிறார்கள். கட்டில், கணப்பு அடுப்பு, சுவரில் ஒரு சாமிப் படம். காளிராஜ் மதிலுக்கு வெளியே ஆண்கள் தங்குகிற வீட்டில் இருக்கிறான்.

கோயில் கூரையைப் பார்க்கவில்லை. குனிந்தே நடந்து வந்துவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

நாலு மணி நேரம் பூசை. எல்லோரும் நின்றார்கள், நானும் நின்றேன். மத்தியானம் படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

அக்டோபர் 6, திங்கள்

காலையில் ஒரு மாய்க்கா நீளப் பலகையைத் தோளில் வைத்துக்கொண்டு, மரச்சுத்தியலால் தட்டியபடியே கோயிலைச் சுற்றி வந்தாள். டக் டக் டடக் என்று. பூசைக்குக் கூப்பிடுவது அப்படித்தானாம். முத்து இந்தச் சத்தத்தைப் போனில் ஒரு தடவை கேட்க வைத்தான். என்னலே இது, ஆசாரி வேலையா என்று கேட்டேன். சிரித்தான்.

மடத்தில் எனக்குத் துணை மாய்க்கா சலோமியா. என் வயசு இருக்கும், ஐம்பத்தெட்டு அறுபது. அவளுக்கும் முட்டி வலி. இரண்டு பேரும் படிக்கு முன்னால் நின்று ஒருத்தியை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டோம். அவள் பேசினால் காளிராஜ் தமிழில் சொல்வான். அவன் இல்லாதபோது கைப்பேச்சு.

கோயிலின் வெளிச்சுவர் முழுக்கச் சித்திரம். வடக்குச் சுவரில் ஒரு பெரிய ஏணி, பூமியிலிருந்து வானத்துக்குச் சாய்த்து வைத்தமாதிரி. மனுஷர்கள் ஏறுகிறார்கள். ஒரு பக்கம் றெக்கை வைத்தவர்கள் நிற்கிறார்கள். இன்னொரு பக்கம் கறுப்புப் பேய்கள் காலைப் பிடித்து இழுக்க, நிறையப் பேர் தலைகீழாக விழுகிறார்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

"இவங்க ஏன்யா விழுதாங்க?"

"அது பாவம் செஞ்சவங்க பெரியம்மா. பாவம் செஞ்சா ஏணியில நிக்க முடியாதுன்னு காட்டுதாங்க."

"முத்து எந்தப் பக்கம் விழுந்தான்?"

காளிராஜ் கூரையை அண்ணாந்து பார்த்தான். அப்புறம் மெதுவாக, "இந்தப் பக்கந்தான்" என்றான்.

குழி கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் சிலுவை. இவனுக்கு வெறும் பலகை, அதில் பெயர். நம்ம சாமி வேறு என்று தெரிந்து சிலுவை வைக்கவில்லையாம். பலகையைக் கழுவி வைத்திருந்தார்கள். மாய்க்கா சலோமியா குழிப்பக்கம் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். செத்தவர்கள் பெயரை எடுக்கும்போதெல்லாம் இங்கே எல்லோரும் அதே வார்த்தையைத்தான் சொல்கிறார்கள்.

"என்னலே சொல்லுதா?"

"கடவுள் அவனை மன்னிக்கட்டும்னு சொல்லுதாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "எம் மகன் என்ன தப்புப் பண்ணுனான், மன்னிக்க? கேளு அவட்ட."

"வழக்கம் பெரியம்மா. எல்லாருக்கும் சொல்லுதது."

"அவன் ஒரு தப்பும் பண்ணல. சொல்லு."

அவன் என்ன சொன்னானோ. அவள் என் கையைப் பிடித்து, அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் கரண்டியைக் கொடுத்தாள். பெரிய செம்பு அண்டாவில் கறுப்புப் பழம் வெந்துகொண்டிருந்தது. சர்க்கரை போடாமல் பத்து மணி நேரம் கிண்டினால் அதுவே ஜாம் ஆகுமாம். கையை எடுத்தால் அடிப்பிடிக்கும். மூன்று மணி நேரம் கிண்டினேன். யோசிக்க ஒன்றும் இல்லாமல் இருந்தது.

இவன் உங்கள் மகன்தான் என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டாள். கையைச் சொன்னேன். சைக்கிளில் இருந்து விழுந்தான் என்று சொல்லிவிட்டேன். காளிராஜ் திரும்பிப் பார்த்தான்.

"வேப்பமரம்னுல்லா அவன் சொன்னான்? சைக்கிளா?"

"மரந்தான். வாய் தவறிட்டு."

"அதான பார்த்தேன். கதை கதையாச் சொல்லுவான் பெரியம்மா. செவ்வெறும்பு கால்ல கடிச்சுதாம், கிளையை விட்டுட்டானாம், கீழ ஆடு படுத்துக் கிடந்துச்சாம். ஆடு தப்பிச்சுது, நான் மாட்டிக்கிட்டேன்பான். நாங்க அம்புட்டுப் பேரும் சிரிப்போம்."

எறும்பையும் ஆட்டையும் பற்றி எனக்குத் தெரியாது.

அக்டோபர் 7, செவ்வாய்

மழை. நேற்று எழுதினதுக்குப் பின்னால் ஒரு பக்கம் எழுதி, காலையில் அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எழுத்து நன்றாக இல்லை.

முட்டைக்கோசு நறுக்கினேன். உப்புப் போட்டு மரப்பீப்பாயில் அடைக்கிறார்கள், பனிக்காலத்துக்கு. நான் கொண்டுவந்த மாங்காய் ஊறுகாயை மாய்க்கா சலோமியா ஒரு விரலால் தொட்டு நக்கிவிட்டு நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். அப்புறம் இன்னொரு விரல்.

அக்டோபர் 8, புதன்

சனிக்கிழமை தோண்டுகிறார்கள். இங்கே சனிக்கிழமை செத்தவர்களின் நாளாம். நமக்குப் புரட்டாசிக் கடைசிச் சனி.

எப்படிக் கழுவுவது என்று கேட்டேன். தங்கமாரி சின்னப் பையில் மஞ்சள்பொடியும் விபூதியும் கட்டித் தந்திருக்கிறாள். இங்கே மடத்தில் பசு இருக்கிறது, பால் கேட்டால் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். நம்ம ஊரில் எரித்த மறுநாள் ஆம்பிளைகள் போய்ப் பால் ஊற்றி எலும்பு பொறுக்கி வருவார்கள். பொம்பளை சுடுகாட்டுக்குப் போவதில்லை. என் வீட்டுக்காரர் செத்தபோது நான் தெருமுனையோடு நின்றுவிட்டேன். இங்கே பொம்பளைகள்தான் கழுவுவதாம்.

மாய்க்கா சலோமியா நிலவறைக்குக் கூட்டிப்போய் ஒரு மண் ஜாடியைக் காட்டினாள். மடத்திலேயே பிழிந்து வைத்தது. மூடியைத் திறந்ததும் வாடை வந்தது.

"இதுலதான் கழுவுவாங்க பெரியம்மா. ஒயின்."

"ஒயினா? ஒயின்ஷாப்புல விக்கிற ஒயினா?"

"இது அவங்களுக்குச் சாமி காரியம்..."

"எம் மகன் ஒரு சொட்டு வாயில வச்சதில்ல. அவன அதுல குளிப்பாட்டுவாளா?"

"கேளுங்க. இங்க அது..."

"கேக்க மாட்டேன். அவங்க அப்பன் அதுலதான் போனான். எம் மகன் மேல ஒரு சொட்டுப் பட்டாலும் நான் இப்பவே ஊருக்குப் போறேன். அந்தச் சட்டியத் தூக்கி ஒடச்சிருவேன், சொல்லு அவட்ட."

சத்தம் போட்டுவிட்டேன். நிலவறையில் எதிரொலித்தது. மாய்க்கா சலோமியாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனால் ஜாடியை இரண்டு கையாலும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், பிள்ளையைப் பிடிக்கிறமாதிரி. அதைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

காளிராஜ் தண்ணீர் கொண்டுவந்தான். கடைசியில் அவள் சொன்னது இதுதான்: முதலில் பால். அது உன் வழக்கம். அப்புறம் ஒயின் வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கு நீயே சொல். நீதான் பெற்றவள்.

வேண்டாம் என்று இன்றைக்கே சொன்னேன். அவள் தலையாட்டினாள். ஆனாலும் ஜாடி இருக்கும் என்றாள்.

அக்டோபர் 9, வியாழன்

இன்று வெயில். காளிராஜும் நானும் கல்லறைத் தோட்டத்து மேட்டில் உட்கார்ந்திருந்தோம். அங்கிருந்து பார்த்தால் கூரை முழுக்கத் தெரிகிறது. இன்றுதான் பார்த்தேன். சாண் நீள மரச்சில்லு ஆயிரக்கணக்கில், மீன் செதில் மாதிரி. வடக்குப் பக்கம் மேலிருந்து கீழே மூன்று ஆள் அகலம் முத்து போட்டதாம். அறுபது வருஷம் தாங்குமாம்.

"நீ ஏன்யா ஊருக்கு வரல? அப்பவே வந்திருக்கலாம்ல."

புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தான்.

"எப்படி வருவேன் பெரியம்மா? கயிறு நான் கட்டுனது."

"என்ன கயிறு?"

"கூரை மேல இருந்து ஒரு கயிறு தொங்கும், புடிச்சுக்கிட்டு நிக்க. அன்னைக்கு மழை பேஞ்சு பலகை வழுக்குச்சு. முத்து சறுக்கிட்டான். சறுக்கும்போதே கயித்தப் புடிச்சுட்டான். நான் மேல நிக்கேன், பாக்கேன். புடிச்சுட்டான்னு நெனச்சேன். 'இருடா, வாறேன்'னேன். ரெண்டு எட்டு வச்சேன், அதுக்குள்ள போயிட்டான். முடிச்சு சரியா இறுகலபோல. கயிறு இழுபட்டுருக்கும். நான் கட்டுனது."

"கயிறு அத்து விழுந்துச்சா?"

"இல்ல. கயிறு தொங்கிக்கிட்டுதான் இருந்துச்சு."

"எந்தக் கையால புடிச்சான்?"

"என்ன பெரியம்மா?"

"எந்தக் கைலே?"

யோசித்தான். தன் கையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். "இடது கை. வலது கையில சுத்தியல் இருந்துச்சு. ஏன்?"

ஒன்றுமில்லை என்றேன். ஏழு வருஷமாக வாரம் ஒரு தடவை இங்கே வந்து பலகையைத் துடைக்கிறானாம். அதனால்தான் அது அவ்வளவு சுத்தம்.

அப்புறம் அடுப்படிக்குப் போய் ஜாம் பாத்திரங்களைக் கழுவினேன். செம்பு அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். மாய்க்கா சலோமியா போதும் போதும் என்று கையைப் பிடித்தாள். சாப்பிடவில்லை.

எழுதியதில் இன்னொரு தாளைக் கிழித்தேன்.

அக்டோபர் 10, வெள்ளி

விரதம். ரொட்டியும் அவித்த உருளைக்கிழங்கும். அந்தக் கையெலும்பு நேராக இருக்க வேண்டும் என்று எல்லாச் சாமியிடமும் கேட்டேன், இவர்கள் சாமியிடமும்.

அக்டோபர் 11, சனி

காலையில் பலகைச் சத்தத்துக்கு முன்னாலேயே எழுந்துவிட்டேன். பசு கறந்த பாலை ஒரு தூக்கில் வாங்கினேன். சூடாக இருந்தது. மஞ்சளைக் கரைத்தேன்.

காளிராஜும் மடத்துத் தோட்டக்காரரும் தோண்டினார்கள். நான், மாய்க்கா சலோமியா, இன்னொரு வயசான மாய்க்கா, மூன்று பேரும் நின்றோம். மேசையில் வெள்ளைத் துணி. பக்கத்தில் இரண்டு பேசின். ஜாடியும் இருந்தது. மடத்தில் பூசை செய்கிற சாமியார் ஐயா கொஞ்சம் தள்ளிப் பாடிக்கொண்டிருந்தார்.

பெட்டி மட்கிப் போயிருந்தது. காளிராஜ் குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தான். முதலில் தலை. மாய்க்கா சலோமியா அதைத் துணியில் வைத்தாள். நான் பார்க்கவில்லை. கால் எலும்பு. விலா எலும்பு. மண் ஒட்டிக்கொண்டு சுள்ளி மாதிரி. எனக்கு அழுகை வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸில் கழிவுக் குச்சி பொறுக்குகிறமாதிரி கை பாட்டுக்கு வாங்கி வாங்கி வைத்தது.

"கை குடு காளி" என்றேன். "இடது கை."

குனிந்தான். நிறைய நேரம் ஆனது. இரண்டு எலும்பை ஜோடியாகத் தந்தான். மண்ணாக இருந்தது. தூக்கிலிருந்து பாலை ஊற்றினேன். விரலால் தடவினேன். பார்ப்பதற்கு முன்னாலேயே விரலுக்குத் தெரிந்துவிட்டது.

நடுவில் கரும்புக் கணு மாதிரி புடைத்து, அதிலிருந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து போகிறது. இரண்டும்தான். அவன் தூங்கும்போது நான் எத்தனை தரம் தடவிப் பார்த்த கணு.

அவன்தான்.

மாய்க்கா சலோமியா என் முகத்தைப் பார்த்தாள். பால் போன பிறகு எலும்பு மெழுகு மாதிரி மஞ்சளாக இருந்தது. அது நல்ல அடையாளம், ஆத்மா நிம்மதியாக இருக்கிறது என்று வயசான மாய்க்கா சொன்னாளாம். நான் மஞ்சள் கரைத்ததனால் என்று நினைத்தேன். மஞ்சள் படாத மற்ற எலும்பும் அப்படித்தான் இருந்தது.

கழுவுகிறவர்கள் ஒவ்வொருவரும் செத்தவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். இதுவும் வழக்கம். மாய்க்கா சலோமியா முதலில் கேட்டாள். பூசை நேரத்தில் கூரைமேல் விசிலடித்தான் என்று அவனை ஒருநாள் திட்டினாளாம். ஏழு வருஷமாக அதை வைத்திருந்திருக்கிறாள். விசிலுக்கு.

அப்புறம் காளிராஜ். குழிக்குள்ளேயே மண்ணோடு நின்றபடி தமிழில் பேசினான். "மாப்ள, கயித்த நான் இறுக்கியிருக்கணும்டா. நான் பார்த்துக்கிட்டே நின்னுட்டேன்டா." இரண்டு பிள்ளைக்குத் தகப்பன் அப்படி அழுவதை நான் பார்த்ததில்லை.

என் முறை. கையில் அந்த எலும்பு.

சும்மா இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தமிழ் தெரிந்தவன் அங்கே ஒருத்தன்தான். அவன் இத்தனை வருஷம் சுமந்ததை இன்னும் சுமப்பான். எனக்கு வயசாகிவிட்டது, நான் ஊருக்குப் போய்விடுவேன். இதை எழுதவும் கூசுகிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

"காளி, கயிறு இல்லய்யா."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"கயிறு நல்லாத்தான் கட்டிருக்க. அவனால புடிச்சுக்கிட்டு நிக்க முடியல. இந்தக் கையில அவனுக்கு ஒரு குடம் தூக்க முடியாது. இதை ஒடச்சது நான். மரம் இல்ல. சைக்கிள் இல்ல. நான்தான் வெறகுக்கட்டையால அடிச்சேன்."

சாமியார் பாட்டு நிற்கவில்லை. மாய்க்காமார்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று தெரியாது. ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

காளிராஜ் குழியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். பிறகு கேட்டான். "அப்ப அந்த எறும்பு, ஆடு எல்லாம்?"

"அவன் உண்டாக்குனது."

அவன் வாயைப் பொத்திக்கொண்டான். சிரிக்கிறானா அழுகிறானா என்று தெரியவில்லை. ரெண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அப்புறம் நான்தான் ஜாடியைக் கேட்டேன். மாய்க்கா சலோமியா தயங்கித் தயங்கிக் கொடுத்தாள். உடைத்துவிடுவேன் என்று பயந்திருப்பாள். முத்துவின் இடது கைமேல் நானே ஊற்றினேன். சிவப்பாக ஓடிப் பேசினில் விழுந்தது. அந்த வாடைக்கு எனக்குக் குமட்டவில்லை, இன்றைக்குத்தான் முதல் தடவை. முழுவதும் ஊற்றினேன். "ஒண்ணும் இல்லலே. நீ ஒண்ணும் பண்ணல" என்று சொன்னேன். மன்னிப்பு என்று அந்த வார்த்தையைச் சொல்ல வாய் வரவில்லை.

அக்டோபர் 12, ஞாயிறு

தங்கமாரி, இதை உனக்குத்தான் எழுதுகிறேன். முன்னால் எழுதினதும் உனக்குத்தான், ஆனால் அதில் பொய் இருக்கிறது.

அன்றைக்கு நான் வேலை முடிந்து வந்தேன். உங்கள் அப்பா வாசலில் கிடந்தார். எழுந்து போக முடியாமல் பிள்ளையை ஒயின்ஷாப்புக்கு அனுப்பியிருக்கிறார். முத்து தெருவில் வருகிறான், பாட்டிலை இடது கையில் நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு. கீழே விழுந்து உடைந்தால் அப்பா அடிப்பார் என்று அவ்வளவு கவனமாக. தெருவே பார்க்கிறது. எனக்குக் கண் தெரியவில்லை. அடுப்படியிலிருந்து கட்டையை எடுத்தேன்.

பாட்டிலை அடிக்கத்தான் ஓங்கினேன், அது தவறிக் கையில் பட்டுவிட்டது என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படி இல்லை. முதல் அடி முதுகில். உடனே அவன் குனிந்து பாட்டிலைப் பத்திரமாகச் சுவரோரம் வைத்துவிட்டான். பிறகு கையைத் தூக்கி மறைத்தான். அடுத்த அடி அதில் விழுந்தது. பாட்டில் அப்போது அவன் கையில் இல்லை.

பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் எக்ஸ்ரே எடுத்து நேராகக் கட்டியிருப்பார்கள். யார் அடித்தது என்று கேட்பார்கள். அதனால் போகவில்லை. இடுப்பில் தூக்கிக்கொண்டு கட்டுப்போடுகிற வைத்தியர் வீட்டுக்கு ஓடினேன். ஒன்பது வயசுப் பிள்ளை, கனத்தான். பாதி வழியில் அவனே சொன்னான்: "மரத்துல இருந்து விழுந்தேன்னு சொல்லுதேன்மா."

அதற்கு நான் கேட்டேன்: "எந்த மரம்னு கேட்டா?"

"வேப்பமரம்" என்றான்.

நம் வீட்டில் வேப்பமரம் கிடையாது. நம் தெருவிலேயே கிடையாது. நீ அப்போது அஞ்சு வயசு, அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். எந்த மரம் என்று நீ ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை.

ருமேனியாவுக்குப் போகும்போது அவனிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். பையை வலது கைக்கு மாத்திக்கோலே என்று மட்டும் சொன்னேன். அவன் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். அதனால்தான் அவன் செத்ததை நான் நம்பவில்லை. வேறு காரணம் இல்லை.

மற்ற எலும்பையெல்லாம் துணியில் சுற்றிப் புதுப்பெட்டியில் வைத்து, அதே குழியில் வைத்துவிட்டார்கள். அவன் போட்ட கூரைக்கு எதிரில் இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். கை மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். திருச்செந்தூர் கடலில் கரைக்கலாம். அதற்கு நாளைக்கு டவுனில் ஒவ்வொரு ஆபீஸாக ஏறி இறங்கித் தாளில் முத்திரை வாங்கிவிடுகிறேன் என்கிறான் காளிராஜ்.

புறப்படும்போது மாய்க்கா சலோமியா ஒரு பாட்டில் ஜாம் தந்தாள். நான் ஊறுகாயைக் கொடுத்துவிட்டேன். குழியைப் பார்த்து அவர்கள் வழக்கமாகச் சொல்கிற வார்த்தையை நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் சரியாகச் சொல்லித் தந்தாள். மெதுவாக நாலு தரம்.

அக்டோபர் 14, செவ்வாய்

ஏர்போர்ட்டில் எழுதுகிறேன். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. முட்டி வலி, இடுப்பு வலி.

காளிராஜ் உள்ளே விடுகிற வாசல் வரைக்கும் வந்தான். "மார்கழியில ஊருக்கு வரலாம்னு இருக்கேன் பெரியம்மா. பொண்டாட்டி பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு" என்றான். வாலே, வந்து நம்ம வீட்டில் சாப்பிடு என்றேன். நாக்கைப் பற்றிச் சொன்னதையும் எடுத்தேன். "அதை விடுங்க பெரியம்மா, நாக்கு நல்லாத்தான் இருக்கு" என்று நீட்டிக் காட்டினான்.

பையை மெஷினுக்குள் விட்டார்கள். ஆபீசர் பெண் டிவியில் பார்த்துவிட்டு நிறுத்தினாள். தாளைக் காட்டினேன். படித்தாள். மறுபடி டிவியைப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன். மஞ்சள்பொடி டப்பா, சேலை, ஜாம் பாட்டில், நடுவில் இரண்டு எலும்பு, கணுவும் சாய்வும் தெளிவாகத் தெரிந்தது. முத்துவின் கைக்கு முதல்முதலாக எக்ஸ்ரே எடுத்தது இன்றைக்குத்தான்.

அந்தப் பெண் விரலால் அந்த இடத்தைக் காட்டி ஏதோ கேட்டாள். எப்படி ஒடிந்தது என்று கேட்டிருப்பாள். நான் என் நெஞ்சைத் தொட்டுக் காட்டினேன். அவளுக்கு விளங்கியதோ இல்லையோ, பையை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தாள்.

தங்கமாரி, நோட்டில் இரண்டு தாள் குறையும். அது நான் கிழித்தது. ஞாயிற்றுக்கிழமை எழுதினதைக் கிழிக்கவில்லை. வாசலில் கால் வைத்ததும் நோட்டை உன் கையில் தருவேன். என் முன்னால் படிக்காதே, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் படி. படித்துவிட்டு என்னிடம் பேசுவாயோ மாட்டாயோ, அது உன் இஷ்டம்.

போட்டோவுக்கு ஒரு மாலை வாங்கி வை.